பொதியும் பொறுப்பும்

வாயில்லாப் பிராணிகளிடம் இரக்கம் காட்ட வேண்டும் என்பதில் நம்மில் எவருக்கும் கருத்து வேறுபாடு இருக்காது. ஆனால் அந்த இரக்கத்தை எப்போது காட்டுவது என்று கேட்டால் பதில் அவ்வளவு இலகுவாக வருவதில்லை. பிராணி துன்பப்படுவதைக் கண்ட பிறகா, அதற்கு முன்னரா? கண்ட பிறகு மனம் இளகுவது பெரிய காரியமல்ல. கல்நெஞ்சனுக்கும் சில வேளைகளில் அது நடக்கும். துன்பம் வருமுன்பே உட்கார்ந்து கணக்குப் பார்த்து அதைத் தடுப்பதுதான் இரக்கத்தின் முழுமையான வடிவம் என்பது என் எண்ணம். இதனை விளங்கிக்கொள்ள, நமக்கு அதிகம் பழக்கமில்லாத ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம்.

ஐக்கிய அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் பொப் மார்ஷல் வனப் பிரதேசம் என்றொரு பெருங்காடு உண்டு. காடுகளைக் காக்கப் பாடுபட்ட ஒரு வனவியலாளரின் பெயரைத் தாங்கியது அது. 1964ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்படும் அக்காட்டின் பரப்பு 4 இலட்சம் ஹெக்டெயருக்கும் அதிகம். மோட்டார் வாகனம் மட்டுமல்ல, துவிச்சக்கர வண்டி கூட உள்ளே போக முடியாது. கால்நடையாகப் போகலாம், அல்லது குதிரையிலோ கோவேறு கழுதையிலோ போகலாம். ஆகவே கோடை காலத்தில் குதிரைகளில் பொதி ஏற்றிக்கொண்டு உள்ளே சென்று, கூடாரமடித்துப் பல நாட்கள் தங்கி வருவது அங்கு வழக்கம்.

அப்பயணத்தின் முக்கிய பகுதி காட்டில் நடப்பதல்ல, புறப்படுமுன் வீட்டு முற்றத்தில் நடப்பது. ஒரு குதிரை தன் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்கக் கூடாது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. 450 கிலோ எடையுள்ள குதிரைக்கு 90 கிலோ. ஏறியிருப்பவரும் சேணமும் அதற்குள் அடக்கம். பொதி மட்டும் சுமக்கும் குதிரைக்கு இன்னும் குறைவாகவே ஏற்றுவார்கள். ஏறியிருப்பவன் பாதையின் ஏற்ற இறக்கத்துக்கேற்பத் தன் உடலைச் சாய்த்துக் கொடுப்பான். பொதி அப்படிக் கொடுக்காது. முதுகின் இரு பக்கமும் தொங்கும் பெட்டிகளைத் தராசில் நிறுத்து, ஓரிரு இறாத்தலுக்கு மேல் வித்தியாசமில்லாமல் சமப்படுத்துவார்கள். ஒரு பக்கம் கனத்தால் சேணம் சரியும். பின்னேரமாகும்போது முதுகுத் தோல் உரிந்திருக்கும். குதிரை அதைச் சொல்லாது. வேட்டையாடப்படும் இனத்தில் பிறந்த விலங்கு அது. நோவை மறைத்துக்கொண்டு நடப்பதே அதன் இயல்பு.

நாளொன்றுக்கு அது 20 முதல் 40 லீற்றர் வரை தண்ணீர் குடிக்கும். அதன் இரைப்பை சிறியது. ஆகவே பகலிலும் இரவிலும் பல மணி நேரம் மேய்ந்துகொண்டே இருக்க வேண்டும். மனிதனைப் போல மூன்று வேளைச் சாப்பாட்டோடு அதற்குக் காரியம் முடிவதில்லை. ஆகவே எங்கே தங்குவது என்பதை மனிதனுக்குப் பிடித்த காட்சி தீர்மானிக்க முடியாது. புல்லும் தண்ணீரும்தான் தீர்மானிக்க வேண்டும்.

காட்டுக்கும் ஒரு கணக்கு உண்டு. குதிரையை மரத்தில் நேரடியாக நெடுநேரம் கட்டினால் அது பட்டையைக் கடிக்கும், குளம்பால் நிலத்தைப் பறித்து வேரை வெளியே எடுக்கும். அதனால் இரு மரங்களுக்கிடையில் தலைக்கு மேல் உயரத்தில் ஒரு கயிற்றை இழுத்து, மரத்தில் கயிறு வெட்டாதபடி அகலமான பட்டியைச் சுற்றி, அந்தக் கயிற்றிலேயே குதிரைகளைக் கட்டுவார்கள். களை விதை கலக்காதது என்று அத்தாட்சி பெற்ற வைக்கோலை மட்டுமே கொண்டு போகலாம். ஒரு வாரம் தங்கிப் போகிறவன் விட்டுச் செல்லும் விதை அங்கே பல தலைமுறைக்கு முளைத்துக்கொண்டிருக்கும் அல்லவா?

இவையெல்லாம் நமக்குப் புதியன போலத் தோன்றலாம். ஆனால் நம் மார்க்கம் அறிந்தவர்களுக்கு இவை புதியன அல்ல. செழிப்பான நிலத்தில் பயணம் செய்தால் ஒட்டகங்களுக்குப் பூமியிலுள்ள அவற்றின் பங்கைக் கொடுக்கும்படியும், வறண்ட நிலமென்றால் விரைந்து கடக்கும்படியும், இரவில் தங்கும்போது பாதையை விட்டு விலகித் தங்கும்படியும் நபி (ஸல்) அவர்கள் கூறியதாக முஸ்லிம் கிரந்தத்தில் ஹதீஸ் உண்டு. இரவில் அது பிராணிகளின் பாதை என்பதே காரணம். ஓரிடத்தில் இறங்கினால் வாகனப் பிராணிகளின் சுமையை இறக்காமல் தாங்கள் நபில் தொழுகைக்கும் நிற்பதில்லை என்று அனஸ் (ரழி) அவர்கள் கூறியது அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. தொழுகை காத்திருக்கலாம், ஒட்டகத்தின் முதுகு காத்திருக்கக் கூடாது! ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன ஹதீஸை நாம் பெரும்பாலும் நம் பொருளைக் காப்பதற்கே உதாரணமாகச் சொல்கிறோம். சுமப்பதைக் காப்பதற்கும் அது பொருந்தும்.

இனிக் கேள்விக்கு வருவோம். இப்பயணத்துக்குக் குதிரை சம்மதித்ததா? கடிவாளத்துக்கு இணங்கி நடக்கிறதே என்பார்கள். மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று நாம் சொல்வது வழக்கம். ஆனால் பேசக்கூடியவர் பேசாதிருக்கும்போதுதான் அந்த வழக்குப் பொருந்தும். பேசவே முடியாததன் மௌனத்துக்கு அப்படிப் பொருள் கொள்வது நம் வசதிக்காகச் செய்யும் மொழிபெயர்ப்பு. சம்மதம் கேட்க முடியாத இடத்தில் எஞ்சியிருப்பது அமானிதம் ஒன்றே. அதன் சார்பில் சிந்திக்கும் பொறுப்பும் நம்முடையதாகிவிடுகிறது.

பயணம் உல்லாசத்துக்கானது என்றால் இப்பொறுப்பு குறையுமா, கூடுமா? கூடும் என்பேன். கண்டி இராச்சியத்தில் நம் முன்னோர் தவளம் நடத்தினார்கள். பொதிமாடுகளில் கரையோரத்து உப்பையும் கருவாட்டையும் ஏற்றிக் காட்டுப் பாதைகளில் மலைநாட்டுக்குப் போய், பாக்கோடு திரும்பினார்கள். அரசின் போக்குவரத்துப் பிரிவான மடிகே பத்தவில் முஸ்லிம்கள் பணிபுரிந்ததை லோர்னா தேவராஜா 1994இல் வெளியான தம் நூலில் எழுதியிருக்கிறார். தவளக்காரனுக்கு மாடு விழுந்தால் குடும்பமே விழும். அவனிடம் இரக்கம் குறைந்திருந்தாலும் அவனது சுயநலமே மாட்டுக்கு ஓரளவு காவல். பொழுதுபோக்குக்காக வாடகைக் குதிரையில் போகிறவனுக்கு அந்தக் காவல் இல்லை. ஒரு வாரத்தில் குதிரையைத் திருப்பிக் கொடுத்துவிடுவான். புண் ஆறுவதைப் பார்க்க மாட்டான். பிராணிகளை ஏறிச் செல்லவும் அலங்காரமாகவும் படைத்ததாக அந்நஹ்ல் அத்தியாயம் கூறுவதால் உல்லாசத்தை நாம் தடுக்க முடியாது. ஆனால் தேவை என்ற நியாயம் இல்லாத இடத்தில் கணக்கு இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

நம்மிடம் இப்போது தவளம் இல்லை. பாதைகள் வந்தன, 1867இல் புகைவண்டியும் கண்டிக்கு வந்தது. பிராணிகளோடு நாம் போடும் திட்டமென்று பெரிதாக எஞ்சியிருப்பது ஹஜ்ஜுப் பெருநாளை ஒட்டியதுதான். கத்தியைக் கூராக்க வேண்டும், அறுக்கும் பிராணிக்கு இலகுவாக்க வேண்டும் என்பதை ஆண்டுதோறும் குத்பாவில் கேட்கிறோம். நல்லது. ஆனால் அந்தக் கடைசி நிமிடத்துக்கு முன்னால் ஒரு நீண்ட லொறிப் பயணம் இருக்கிறது. லொறியில் எத்தனை மாடு, வழியில் எங்கே தண்ணீர், எத்தனை மணிக்குப் புறப்படுவது, இறக்குவதற்குச் சாய்பலகை உண்டா? உழ்ஹிய்யாப் பங்குக்குப் பணம் கொடுக்கும்போது நம்மில் எத்தனை பேர் இவற்றைக் கேட்கிறோம்? விலையையும் இறைச்சியின் அளவையும் கேட்கிறோம். கயிறு இறுகிய கழுத்தோடு மாடு இறங்கும்போது ‘பாவம்’ என்கிறோம். அந்தச் சொல் நேரம் பிந்தி வந்த சொல்.

மனிதருக்கே வழியில்லாத நாட்டில் மாட்டுக்கும் குதிரைக்கும் கணக்குப் பார்ப்பதா என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் திட்டம் போடும் இடத்தில் குரல் இல்லாதவர்கள் பிராணிகள் மட்டுமல்லர். குடும்பப் பயணத்தில் நடக்கமுடியாத மூத்தம்மாவும், வீட்டுப் பணிக்கு வந்த சிறு பிள்ளையும், பள்ளிச் சுற்றுலாவில் காசு கொண்டுவர முடியாத மாணவனும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்களே. மாட்டுக்காக ஒரு வாளித் தண்ணீரை முன்கூட்டியே நினைத்துப் பழகிய மனம் இவர்களையும் மறக்காது. பெட்டி கட்டுமுன், லொறிக்குச் சொல்லுமுன், காசு சேர்க்குமுன், இதில் பேச முடியாமல் சுமக்கப் போவது யார் என்று ஒருமுறை கேட்டுக்கொள்வோம். கேட்பதற்கு ஒரு நிமிடம்தான் செல்லும்.