ஊத்தையோ? கிழிஞ்சதோ?

நயினாதீவிலிருந்து காலை லோஞ்சில் வந்து, குறிகட்டுவான் துறையில் இறங்கி, யாழ்ப்பாண பஸ்ஸுக்கு நிற்கிற பிள்ளையே, உன்னோடுதான் கதைக்கிறேன். ஒரு கையில் கொப்பிகள். மற்றக் கை சால்வையை இழுத்து இழுத்துச் சட்டையின் முன்பக்கத்தை மறைக்கிறது. திங்கட்கிழமை போட்ட நீலச் சட்டை. இன்று வியாழன், திரும்பவும் அதே நீலம். யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்று பஸ்ஸுக்குள் இருக்கிற முகங்களை ஒவ்வொன்றாகத் தேடுகிறாய். கையை எடு, பிள்ளை. சால்வையை அதன் பாட்டில் விடு. நிமிர்ந்து நில்.

உன்னிடம் ஒரு கணக்குக் கேட்கவேண்டும். முதலாம் வகுப்பிலிருந்து ஏ.எல். வரைக்கும் பதின்மூன்று வருடம் நீ என்ன உடுத்தாய்? வெள்ளைச் சட்டை, ரை. திங்களும் வெள்ளை, வெள்ளியும் வெள்ளை. 1993ஆம் ஆண்டிலிருந்து அரசாங்கம் இலவசமாகக் கொடுத்துவருகிற சீருடைத் துணியில் தைத்தது. ஒன்று உடம்பில் இருந்தால் மற்றது கொடியில் காயும். அந்த வெள்ளையோடுதான் பேச்சுப் போட்டிக்கு மேடையேறினாய். அதே வெள்ளையோடுதான் பரிசளிப்பு விழாவில் கைதட்டு வாங்கினாய். "நேற்றும் இதுதானே" என்று ஒருவரும் கேட்கவில்லை, நீயும் ஒருநாளும் கூனவில்லை. கம்பஸுக்குப் போய்க் கலர் உடுப்புப் போடத் தொடங்கிய முதற்கிழமையே அந்த நிமிர்வு எங்கே போயிற்று? இந்தக் கூச்சத்தோடு நீ பிறக்கவில்லை. யாரோ கொண்டுவந்து உனக்குள் நட்டார்கள். நட்டதைப் பிடுங்கலாம்.

எனக்குள்ளும் நட்டார்கள். 1990 ஆவணியில் தீவகத்துக்குள் இராணுவம் இறங்கியபோது, ஊர்காவற்றுறைப் பக்கத்திலிருந்து வள்ளமேறி ஓடிவந்த சனங்களில் நாங்களும் ஒரு குடும்பம். எனக்குப் பதினான்கு வயது. உடம்பில் ஒரு சட்டை, பையில் ஒரு சட்டை. என் அலுமாரி அவ்வளவுதான். யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டு விறாந்தையில் படுத்தெழும்பி, அந்த இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு ரியூசனுக்குப் போனேன். ஒருநாள் பின் வாங்கிலிருந்து ஒரு குரல்: "உவள் உந்தச் சட்டையைக் கழட்டுறதே இல்லைப் போல." வகுப்பு முழுக்கச் சிரித்தது. அடுத்த நாள் நான் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை.

அம்மா காரணம் கேட்டார். சொன்னேன். அந்தச் சட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"ஊத்தையோ? இல்லை. கிழிஞ்சதோ? இல்லை. களவெடுத்ததோ? அதுவும் இல்லை. பிறகென்னத்துக்கு நீ ஒளிக்கிறாய்?"

பொருளாதாரத் தடைக் காலம் அது. சவர்க்காரத்துக்குத் தட்டுப்பாடு. பனம்பழத்தைப் பிசைந்த களியில் உடுப்புத் தோய்த்தோம். அந்த நாளில் யாழ்ப்பாணமே அப்படித்தான் தோய்த்தது. நுரை வரும், ஊத்தையும் போகும், பனம்பழ வாசம் மட்டும் போகாது. அந்த வாசத்துக்கு மாடு வந்து துணியைச் சப்பும் என்பதால் கொடிக்குக் காவலிருந்தோம். சிரட்டைக் கரி போட்ட பெட்டியால் மினுக்கினோம். இவ்வளவு பாடுபட்டு உடுத்த சட்டைக்காக நான் ஏன் கூனவேண்டும்? மூன்றாம் நாள் அதே சட்டையோடு போய் முதல் வாங்கில் இருந்தேன். பின் வாங்குக் குரல் அதற்குப் பிறகும் இரண்டொருமுறை கேட்டது. நான் திரும்பவில்லை. கணக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தது.

எல்லாரும் உன்னைப் பார்க்கிறார்கள் என்று நினைக்கிறாயே, உண்மையில் எத்தனை பேர் பார்க்கிறார்கள்? அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் தோமஸ் கிலோவிச் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் இதைச் சோதித்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். போட்டுக்கொண்டு போக மாணவர் கூச்சப்படுகிற ஒரு பாடகரின் முகம் பதித்த ரீசேட்டைக் கொடுத்து, மற்றவர்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். போட்டவர்கள் ஏறத்தாழப் பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று நினைத்தார்கள். கவனித்தவர்கள் நாலில் ஒருவர் அளவுதான். நெஞ்சில் முகம் பதித்த உடுப்புக்கே அவ்வளவுதான் என்றால், திங்கட்கிழமை நீலத்தை நினைவில் வைத்திருந்து வியாழக்கிழமை நீலத்தோடு பொருத்திப் பார்க்க எவருக்கு நேரம்? உனக்குப் பக்கத்தில் இருக்கிற பிள்ளையும் தன் சால்வையைத்தான் இழுத்துக்கொண்டிருக்கிறாள், பார்.

ஆனாலும் ஒன்றை மறைக்க மாட்டேன். கவனிக்கிற அந்தச் சிலர் பெரும்பாலும் பெண்பிள்ளையைத்தான் கவனிக்கிறார்கள். அவுஸ்திரேலியாவில் கார்ல் ஸ்டெபனோவிச் என்ற தொலைக்காட்சி அறிவிப்பாளர், காலை நிகழ்ச்சியில் ஏறத்தாழ ஒரு வருடம் ஒரே நீலச் சூட்டோடு வந்தார். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. 2014இல் அவரே வாய்திறந்து சொன்ன பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. அதே நிகழ்ச்சியை அவருக்குப் பக்கத்தில் இருந்து நடத்திய லிசா வில்கின்சனின் உடுப்பைப் பற்றியோ ஓயாத விமர்சனம். அந்த அநியாயத்தைக் காட்டத்தான் அப்படிச் செய்தேன் என்றார் ஸ்டெபனோவிச். ஆணுடைய சூட் ஒரு வருடம் கண்ணில் படவில்லை, பெண்ணுடைய சட்டை ஒவ்வொரு நாளும் விசாரணைக்கு வருகிறது! அந்த விசாரணைக்கு உன்னை அழைத்தது யார்? அழைப்பாணை ஏதும் வந்ததா? பிறகேன் தினமும் காலையில் நீயாகவே போய்க் கூண்டில் ஏறுகிறாய்? இறங்கு, பிள்ளை. இன்றைக்கே இறங்கு.

எங்கள் கரம்பொன்னில் 1913இல் ஒருவர் பிறந்தார். தந்தைவழி வேர் நெடுந்தீவில். ஊர்காவற்றுறை புனித அந்தோனியார் கல்லூரியில் படித்து, குருத்துவக் கல்விக்கு உரோமாபுரி வரை போன தனிநாயகம் அடிகள். குருவானவருக்கு அலுமாரி நிறைய உடுப்பு ஏது? ஓர் அங்கி, அதைத் தோய்த்தால் இன்னோர் அங்கி. அந்த அங்கிக்குள் இருந்த மனிதர் 1952இல் 'தமிழ் கல்ச்சர்' என்ற ஆங்கில ஆய்விதழைத் தொடங்கி, தமிழைத் தெரியாதவர்களின் மேசையில் தமிழைக் கொண்டுபோய் வைத்தார். 1554இல் லிஸ்பனில் உரோம எழுத்தில் அச்சான தமிழ் நூலை எங்களுக்கு அறியத்தந்தார். 1964இல் புதுடில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக முன்னின்றார். 1966இல் கோலாலம்பூரில் முதலாவது உலகத் தமிழ் மாநாட்டை நடத்தியே காட்டினார். "சுவாமி, போனமுறையும் இந்த அங்கிதானே?" என்று அவரைக் கேட்க எவருக்காவது தோன்றியிருக்குமா? அவர் வாயைத் திறந்தால் கேட்கிறவன் தமிழையல்லவா கேட்டான்! உன் வாயில் சொல்ல ஒன்று இருக்கட்டும். எதிரில் இருப்பவன் உன் தையலை எண்ணமாட்டான்.

காந்தியை இந்த இடத்தில் எல்லாரும் இழுப்பார்கள். கதர் வாங்கக்கூட எங்களிடம் காசில்லை என்று ஏழைகள் சொன்னதைக் கேட்டு, 1921 செப்டெம்பர் 22ஆம் திகதி மதுரையில் அவர் அரைத்துண்டுக்கு மாறினார். 1927 நவம்பரில் கதர் நிதிக்காக யாழ்ப்பாணம் வந்ததும் அந்தத் துண்டோடுதான், 1931இல் இங்கிலாந்து மன்னரைப் பார்த்ததும் அந்தத் துண்டோடுதான். பெரிய காரியம். ஆனால் அவர் இருந்ததைக் கழற்றி வைத்தவர். நானும் நீயும் இல்லாததால் குறைத்து உடுத்தவர்கள். இரண்டையும் ஒன்றென்று சொல்லி உன்னை ஏமாற்ற எனக்கு மனமில்லை. இல்லாமையைக் கும்பிடச் சொல்லவும் இல்லை. கையில் காசு வந்து, ஆசைப்பட்ட நிறத்தில் ஒரு சட்டை வாங்கினால் சந்தோசமாகப் போடு. வெட்கத்துக்குப் பயந்து மட்டும் வாங்காதே. கடன்பட்டு வாங்காதே!

ஆனி மாதம் நயினை நாகபூசணி அம்மன் கோவில் திருவிழாவைப் பார். ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் எங்கள் சொந்தங்கள் வந்து இறங்குவார்கள். வருடங்கள் கழித்து வருகிறவர்களுக்குப் புதுப்பட்டு உடுத்தி அம்மாளாச்சியைப் பார்க்க ஆசை இருக்கும், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர்களுக்கு ஈடுகொடுக்க நினைக்கிற உள்ளூர் வீட்டை நினைத்தால்தான் நெஞ்சு எரிகிறது. கொடியேற்றத்துக்கு ஒரு சாறி, தேருக்கு ஒரு சாறி, தீர்த்தத்துக்கு ஒரு சாறி. முகநூலில் படம் போட்டுவிட்டால் அந்தச் சாறியை இனி உடுக்க ஏலாதாம்! இதற்காக நுண்கடன் எடுத்து, கிழமைக்குக் கிழமை தவணை கட்டுகிற தாய்மாரை நான் அறிவேன். தவணைக்காரன் படலையில் வந்து நிற்கும்போது அந்தப் படத்துக்கு விருப்பம் போட்டவர்களில் ஒருவராவது வந்து நிற்பாரா? அம்மாளாச்சி உன் சாறியை எண்ணுவாளா? போன வருடத் தேருக்கு உடுத்ததையே இந்த வருடத் தேருக்கும் உடு. வடத்தைப் பிடி. படமும் எடு.

நாங்கள் தீவுச் சனங்கள். தண்ணீரின் அருமை எங்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. நெடுந்தீவில் சாராப்பிட்டி நல்ல தண்ணீருக்காக எத்தனை தலைமுறை நடந்திருக்கிறது! ஒரேயொரு பருத்திச் சேட் உருவாக, செடி வளர்ப்பது முதல் சாயம் போடுவது வரைக்கும் ஏறத்தாழ 2,700 லீற்றர் தண்ணீர் செலவாகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நாளொன்றுக்கு மூன்று லீற்றர் குடிக்கிற ஒருவருக்கு அது 900 நாள் தண்ணீர். உன் நீலச் சட்டையை நீ நூறு தரம் போட்டால் அவ்வளவு தண்ணீரையும் மதித்தவள் ஆகிறாய். ஒருமுறை போட்டுப் படமெடுத்துவிட்டு மூலையில் எறிகிறவர்கள் உன்னைப் பார்த்துச் சிரிப்பதா?

ஆகவே அந்தச் சட்டையைப் பாதுகாக்கப் பழகு. இதில் சோம்பல் கூடாது. நாலு சட்டைக்காரிக்குக் கவனம் நாற்பது சட்டைக்காரியை விடக் கூட வேண்டும். உவர்க் கிணற்றுத் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காது, அதிலுள்ள கல்சிய, மக்னீசிய உப்புகள் துணியில் படிந்து விறைக்கும், நிறமும் மங்கும். அதனால் கடைசி அலசலுக்கு ஒரு வாளி நல்ல தண்ணீரோ பிடித்துவைத்த மழைத்தண்ணீரோ ஒதுக்கு. லோஞ்சில் கடல்நீர் தெறித்த உடுப்பை அன்றிரவே அலசு. உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், துணி சரியாகக் காயாது. உட்புறத்தை வெளியே திருப்பி நிழலில் போடு. சோழகம் வீசுகிற காலத்தில் ஒரு சட்டை காய எவ்வளவு நேரம்? மாரியில்தான் சிக்கல், மாரிக்கென்று இன்னொரு சட்டை கேட்டால் அதைத் தேவை என்றே நானும் சொல்வேன். பொத்தான் தளர்ந்த அன்றைக்கே தை. வெள்ளை நூலால் நீலத்தைத் தைக்காதே, நீல நூல் வாங்கு. மினுக்காமல் படலை தாண்டாதே.

வருகிற திங்கட்கிழமை வகுப்பில் நீ எழுந்து விளக்கம் சொல்லவேண்டிய நாள், இல்லையா? புதுச்சட்டை ஒன்று இரவல் கேட்கலாமோ என்று ஒரு யோசனை உனக்குள் ஓடுகிறது, தெரியும். கேட்காதே. ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த நீலத்தைத் தோய்த்துக் கொடியில் போடு. அது காயும் வரைக்கும் கொடிக்குக் கீழே இருந்து, சொல்லப்போவதை வாய்விட்டு மூன்று தரம் சொல்லிப் பார். திங்கள் காலை லோஞ்சில் ஏறு. பக்கத்தில் இருப்பவள் உன்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "போன கிழமையும் உதைத்தானே போட்டனி?" என்று கேட்டால், அவளுடைய கண்ணை நேராகப் பார்.

"ஓம், அதேதான். கொஞ்சம் அரக்கி இரு, கொப்பியைப் பார்க்கவேணும்."