கொடி போர்த்தினால் கணக்கு தீராது

செத்தவரைப் பற்றிக் குறை பேசக் கூடாது என்று சொல்லித்தான் நம்மை வளர்த்திருக்கிறார்கள். பங்காளித் தகராறுக்கும் தெருச் சண்டைக்கும் அது நல்ல பழக்கம். ஆனால் படையைக் கையில் வைத்திருந்த ஒருவர் சாகும்போது அந்தப் பழக்கத்தை அங்கேயும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். இரங்கல் குறிப்பு எழுதுகிறவர் நீங்களாக இருக்கலாம். வகுப்பில் அவர் பெயரைச் சொல்லப்போகிற ஆசிரியராக இருக்கலாம். பேனாவை எடுக்கும் முன் ஒன்றை மட்டும் கேளுங்கள்: இவருக்காக அழ ஊர் கூடியதே, இவர் படையிடம் செத்தவர்களுக்காக அழ யாரையாவது விட்டார்களா?

ஜிம்பாப்வேயின் பெரன்ஸ் ஷிரி 2020 ஜூலை 29 அன்று இறந்தார். அப்போது அவர் வேளாண்மை, நில அமைச்சர். அதற்கு முன் 1992 முதல் 25 ஆண்டுகள் விமானப்படைத் தளபதி. 2017 நவம்பரில் ராணுவம் அதிபர் முகாபேயை இறக்கி எமர்சன் ம்னங்காக்வாவை ஏற்றியதும், சீருடையைக் கழற்றிவிட்டு அமைச்சரானார். அமைச்சராக நன்றாக உழைத்தார், விவசாயிகள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டார் என்று சொன்னவர்களும் உண்டு. உண்மையாகவே இருக்கட்டும். ஹராரேயின் தேசிய மாவீரர் திடலில் அரசு மரியாதையோடு புதைத்தார்கள்.

இதற்கெல்லாம் முன்னால், 1983-ல், அவர் ஐந்தாம் பிரிகேடின் தளபதி.

அந்தப் படையின் கதை 1980-லேயே தொடங்குகிறது. விடுதலை கிடைத்த அதே ஆண்டு முகாபே வடகொரியாவோடு ஒப்பந்தம் போட்டார். மறு ஆண்டு வடகொரியப் பயிற்சியாளர்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் வந்து இறங்கினார்கள். சிவப்புத் தொப்பி அணிந்த இந்தப் பிரிவு மற்ற ராணுவத்தின் கட்டளை வரிசைக்குள் வரவில்லை. அன்று பிரதமராக இருந்த முகாபேக்கே நேராகப் பதில் சொன்னது. 1982-ல், முகாபேக்குப் போட்டியாக இருந்த ஜோஷுவா என்கோமோவின் ஸாப்பு கட்சிக்குச் சொந்தமான பண்ணைகளில் ஆயுதக் குவியல் கிடைத்ததாகச் சொல்லி அவரை அமைச்சரவையிலிருந்து நீக்கினார்கள். அவருடைய பழைய போராளிகளில் சிலர் துப்பாக்கியோடு காட்டுக்குள் போனார்கள். அவர்களும் கொலைகள் செய்தார்கள். அதை மறைத்துப் பேசுவது நேர்மையில்லை. ஆனால் கடைசியில் 1988 பொதுமன்னிப்பின்போது சரணடைந்த கலகக்காரர்கள் 122 பேர். ஐந்தாம் பிரிகேடு நடத்திய குகுராஹுண்டி நடவடிக்கையில் இறந்தவர்கள் 20,000 வரை இருக்கலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. பெரும்பாலோர் இண்டெபெலே மொழி பேசிய கிராமத்து மக்கள். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ‘கலகத்தை அடக்கினார்’ என்று எழுதக் கை வருமா?

1983 மார்ச் 5. லுபானே பகுதியில் செவாலே ஆற்றங்கரை. இளைஞர்களும் இளம்பெண்களுமாக 62 பேரை வரிசையாக நிறுத்திச் சுட்டார்கள். 55 பேர் செத்தார்கள். குண்டடி பட்டும் செத்தவர்களைப் போலக் கிடந்ததால் 7 பேர் தப்பினார்கள். மறு ஆண்டு தெற்கு மாட்டபெலேலாண்டு மாகாணத்தில் வேறு வழி. தொடர்ந்து மூன்றாவது ஆண்டாக மழை பொய்த்திருந்த நேரம் பார்த்துக் கடைகளை மூடினார்கள், நிவாரண உணவை நிறுத்தினார்கள். சுமார் 4 லட்சம் பேருக்கு அரசாங்கமே பஞ்சத்தை உண்டாக்கியது. பலாக்வே முகாமில் ஆயிரக்கணக்கானோரை அடைத்து அடித்தார்கள். செத்தவர்களைப் பழைய சுரங்கக் குழியில் கொண்டுபோய்ப் போட்டார்கள்.

இதில் என்னை அதிகம் உலுக்குவது கொலைகளுக்குப் பிறகு நடந்தவை. பல ஊர்களில் அழக்கூடாது என்று உத்தரவு. சில இடங்களில் பிணத்தை எடுத்துப் புதைக்கவும் விடவில்லை. சொந்தப் பிள்ளையைப் புதைத்த மண்மேல் நின்று ஆளுங்கட்சிப் பாட்டைப் பாடி ஆடச் சொன்னார்கள். இண்டெபெலே மரபில் ஒருவர் இறந்து ஓராண்டு வாக்கில் ‘உம்புயிசோ’ என்றொரு சடங்கு உண்டு. இறந்தவரின் ஆவியைக் குடும்பத்தைக் காக்கும் முன்னோராக வீட்டுக்கு அழைத்து வருவார்கள். உடலே கிடைக்காதவருக்கு, அழுவதே குற்றமாக்கப்பட்டவருக்கு எப்படிச் செய்வது? இறப்புச் சான்றிதழ் இல்லாமல் எத்தனையோ குடும்பங்கள் அலைந்தன. தகப்பனைக் காட்ட முடியாத பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடைக்கவில்லை. அது இல்லாததால் அடையாள அட்டை இல்லை, பரீட்சையும் வேலையும் எட்டாமல் போயின. அந்தப் பிள்ளைகளுக்கு இன்று 40 வயது தாண்டிவிட்டது.

தளபதிக்கு என்ன நடந்தது? 1986-ல் லண்டனிலுள்ள ராயல் காலேஜ் ஆஃப் டிஃபென்ஸ் ஸ்டடீஸில் படிக்க இடம் கிடைத்தது. 1987 டிசம்பரில் முகாபேயும் என்கோமோவும் ஒற்றுமை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அடுத்த ஆண்டு வந்த பொதுமன்னிப்பு, கலகக்காரர்களோடு சேர்த்துப் படையினரையும் காப்பாற்றியது. ஷிரி எந்த நீதிமன்றத்திலும் நிற்கவில்லை. பதவிமேல் பதவி வந்தது. பிறகு மேற்கு நாடுகள் அவர்மீது தடை விதித்தன. அதுவும் நாட்டுக்குள் அவர் ஏறிய படிகளில் ஒன்றையும் குறைக்கவில்லை. அவரைப் புதைத்த திடலின் நினைவுச் சின்னம்கூட வடகொரியர்களின் துணையோடு கட்டப்பட்டது!

முகாபே இதையெல்லாம் பிற்பாடு ஒரு கணத்துப் பைத்தியக்காரத்தனம் என்றார். அந்தச் சொல்லை வாங்கி உங்கள் எழுத்தில் வைக்காதீர்கள். ஒப்பந்தம் 1980-ல், பயிற்சி 1981-ல், களத்தில் இறக்கியது 1983-ல். கோபத்தில் செய்ததென்று சொல்ல இதில் எந்த நாளைக் காட்டுவார்கள்? ஆணைக்குழு போட்டு விசாரித்தார்கள். அந்தச் சிஹம்பாக்வே குழுவின் அறிக்கையை அரசு வெளியிடவே இல்லை. கத்தோலிக்க நீதி, சமாதான ஆணையமும் சட்ட உதவி அமைப்பு ஒன்றும் கிராமம் கிராமமாகப் போய்ச் சாட்சியம் திரட்டி 1997-ல் புத்தகமாக்கியதால்தான் நாம் இவ்வளவாவது பேச முடிகிறது. பலாக்வேயில் வைத்த நினைவுப் பலகையையும் விட்டுவைக்கவில்லை. 2022 ஜனவரியில் வெடி வைத்துத் தகர்த்தார்கள்.

ஆகவே சீருடையில் இருக்கும் இளைஞர்களுக்குச் சொல்கிறேன். நாட்டின் படைக்குள்ளேயே ஒரு தலைவருக்கு மட்டும் கட்டுப்பட்ட தனிப்படை ஒன்று உருவாகிறதென்றால், அதில் சேரக் கூப்பிட்டால், போகாதீர்கள். மேலிடத்து உத்தரவு என்பது அன்றைய சம்பளத்தைக் காக்கும். செவாலே கரையில் விசையை அழுத்திய விரல் உங்களுடையதாகவே இருக்கும். பத்திரிகைக்காரர்களே, ‘சர்ச்சைக்குரியவர்’ என்ற ஒற்றைச் சொல்லில் ஒதுங்கிக்கொள்ளாதீர்கள். எங்கே, எந்த ஆண்டு, எத்தனை பேர் என்று எழுதுங்கள். ‘பழசைக் கிளறாதே, ஒற்றுமை கெட்டுவிடும்’ என்று யாராவது அடக்க வந்தால், அந்த ஒற்றுமைக்காக வாயை மூடிக்கொண்டிருப்பது யார், சுட்டவரா, சுடப்பட்டவரின் தாயா என்று முகத்துக்கு நேரே கேளுங்கள்.

நாள் அதிகம் இல்லை. 1983-ல் 20 வயதாக இருந்தவர் இன்று அறுபதைத் தாண்டியவர். அன்றே தாயாக இருந்தவர்களில் பலர் போய்விட்டார்கள். 2024 ஜூலையில் ம்னங்காக்வா, ஊர்த் தலைவர்களைக் கொண்டு மக்களிடம் விசாரிக்கும் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். 1983-ல் தேசியப் பாதுகாப்பு அமைச்சராக இருந்தவரும் அவரேதான் என்பதை மறக்காமல், அந்த விசாரணையைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனியுங்கள். ஜிம்பாப்வேயின் புலவாயோவில், லுபானேயில், கெஸியில் யாரைத் தெரிந்தாலும் இந்த மாதமே போய் உட்காருங்கள். அவர்கள் விரும்பினால் குரலைப் பதிவு செய்யுங்கள். சாட்சி சொன்னவரின் பாதுகாப்புக்கு என்ன ஏற்பாடு, இறப்புச் சான்றிதழ் எந்தத் தேதிக்குள் வரும், சிஹம்பாக்வே அறிக்கை எப்போது வெளியாகும் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வரவில்லையா, மறுபடி எழுதுங்கள்.