கருணை எது?

இடுப்பெலும்பு முறிந்து அறுவைச் சிகிச்சை பெற்ற முதியோரை, "பாவம், அசையாமல் கிடக்கட்டும்" என்று வீட்டார் பலர் கட்டிலோடு விட்டுவிடுகின்றனர். ஊட்டுவதும் துடைப்பதும் அன்பினாலேயே. ஆயினும் இது கருணையாகுமா?

அசையாத உடலில் தசை மெலிகிறது, மூட்டு இறுகுகிறது, கால் நாளங்களில் இரத்தம் உறையக்கூடும், நெஞ்சில் சளி தேங்கும், குதிகாலிலும் இடுப்பின் பின்புறத்திலும் படுக்கைப் புண் தோன்றும். ஆகவேதான் உடல்நிலை இடந்தந்தால், அறுவைக்கு மறுநாளே நோயாளியை எழுப்பி நிறுத்துமாறு மருத்துவர் கூறுகின்றனர்.

எழும்போது அவர் முனகுவார். நம் மனம் பொறாது. அம்முனகலைக் கேளாதிருக்க விரும்புதல் நமது சுகமேயன்றி அவரது நலமன்று. எனினும் வலிந்து இழுத்தலும் தகாது. வலிக்கு மருந்து கொடுத்து, அது வேலை செய்யும் வேளை பார்த்து எழுப்புதல் வேண்டும்.

நோயாளிக்குப் பணிவிடை செய்வோருக்குரிய ஐந்து தகுதிகளை விநய பிடகம் கூறுகிறது. நோயாளிக்கு ஏற்றது இது, ஏலாதது இது என அறிதல் அவற்றுள் ஒன்று. அவ்வறிவில்லாத அன்பு அவரை முடமாக்கிவிடும்.

ஆதலின் அன்பர்களே, அவர் தம் கையால் உண்ணக்கூடுமாயின் ஊட்டாதீர்கள். நாலடி நடக்கக்கூடுமாயின் தூக்காதீர்கள். விழாதபடி அருகே நில்லுங்கள். புரளவும் இயலாதவரை இரவிலும் இரண்டு மணிக்கொருமுறை எழுந்து புரட்டிப் படுக்கவையுங்கள். நம் உறக்கத்தை ஈந்து அவர் உடலைக் காப்பதே கருணை.