கூலிங் ஃபேன் நின்றால் நீயுமா நிற்பாய்?

பேக்கரியில் அதிகாலை வேலை மும்முரம். ஓவன் திடீரென்று நின்றுவிட்டது! திரையில் எரர் எண் மின்னுகிறது. உள்ளே அரைவேக்காட்டில் பன். வெளியே ஆர்டர்.

நீ என்ன செய்கிறாய்?

கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறாய்! "கூலிங் ஃபேன் போயிருக்கும். சர்வீஸ் ஆள் வரட்டும்" என்கிறாய்.

கேட்டால் பதிலும் தயார். "நான் மாவு பிசைய வந்தேன். மெஷின் வேலை எனக்கெதற்கு?"

இந்தச் சாக்கை இன்றோடு விடு!

அந்த ஓவன் பக்கத்தில் நாள் முழுக்க நிற்பது யார்? நீ! அதன் சத்தம் மாறினால் முதலில் கேட்கும் காது யாருடையது? உன்னுடையது!

எப்போதோ வந்துபோகும் மெக்கானிக்குக்கு இருக்கும் தைரியம் உனக்கு ஏன் இல்லை? அவர் பிறக்கும்போதே மல்டிமீட்டரோடு பிறந்தாரா? அவருக்கும் ஒருநாள் கை நடுங்கியது. நடுங்கிய கையோடுதான் கற்றார்!

முதலில் எது எதுவென்று தெரிந்துகொள். கன்வெக்‌ஷன் ஓவனில் பன் வேகும் அறைக்குள் சுழல்வது சூட்டைப் பரப்பும் ஃபேன். கூலிங் ஃபேன் வேறு! கன்ட்ரோல் போர்டு இருக்கும் பக்கம், தகட்டுக்குப் பின்னால் அது ஓடுகிறது. வெளிக்காற்றை இழுத்து போர்டைக் காக்கிறது.

அறைக்குள் 200 டிகிரி சூடு. சற்றுத் தள்ளி எலக்ட்ரானிக் போர்டு. 10 டிகிரி கூடினால் அதிலுள்ள கண்டன்சரின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது அந்தத் துறையின் பொதுக் கணக்கு. அதனால்தான் போர்டு இருக்கும் பக்கம் சூடு எல்லை மீறினால் கட்அவுட் ஓவனை நிறுத்துகிறது.

பயமாக இருக்கிறதா? இருக்கட்டும்! 230 வோல்ட் விளையாட்டுப் பொருளா? த்ரீ ஃபேஸ் என்றால் இரண்டு லைனுக்கு நடுவே சுமார் 400 வோல்ட்! பயப்படத்தான் வேண்டும்.

ஆனால் அந்தப் பயத்தை வேலை வாங்கு! மெயினை அணைக்கச் சொல்வது பயம். வேறு யாரும் போட்டுவிடாதபடி பூட்டச் சொல்வது பயம். ஓவன் ஆறும்வரை பொறுக்கச் சொல்வது பயம். பயிற்சி இல்லாமல் தகட்டைத் திறக்காதே என்று தடுப்பதும் பயம்தான்.

இவ்வளவும் சொல்லும் பயம் உனக்கு நண்பன். "உனக்கு வராது, விட்டுவிடு" என்று சொல்லும் பயம் இருக்கிறதே, அதை விரட்டு!

தகட்டைத் திறக்காமலே உன்னால் முடிந்தது எவ்வளவு தெரியுமா?

காற்று உள்ளே போகும் ஃபில்டர் வலையைக் கழற்று. விரலால் தடவிப் பார். எண்ணெய்ப் பிசுக்கும் மைதாவும் சேர்ந்து கம்பளிபோல் அடைத்துக் கிடக்கிறதா? அங்கே எப்படிக் காற்று போகும்? வெந்நீரில் சோப்புப் போட்டு அலசு. ஈரம் துளியும் இல்லாமல் காய்ந்தபின் மாட்டு.

ஓவனைச் சுற்றிப் பார். காற்று போகும் வழியை மறைத்து ட்ரே அடுக்கியது யார்? வடைச் சட்டி அடுப்பை ஓவனோடு ஒட்டி வைத்தது யார்? அந்த எண்ணெய்ச் சூட்டைத்தான் ஃபேன் இழுக்கிறது. நகர்த்து!

கடை மூடும் அவசரத்தில் மெயினைப் படாரென்று அணைக்கிறாயா? நிறுத்து! பல ஓவன்களில் சுவிட்சை அணைத்த பிறகும் கூலிங் ஃபேன் கொஞ்ச நேரம் ஓடும். தேங்கிய சூட்டை வெளியேற்றத்தான் ஓடுகிறது. அது தானாக நிற்கும்வரை உன்னால் பொறுக்க முடியாதா?

இதற்கு மேல் போக வேண்டுமா? போ! மெக்கானிக் வரும்போது டீ வாங்க ஓடாதே. பக்கத்தில் நில். கேள். கவனி.

மெயினை அணைத்துவிட்டு இறக்கையைக் கையால் சுற்றிப் பார்ப்பார். இறுகிக் கிடந்தால் பேரிங் ஜாம், அல்லது பிசுக்கு. லேசாகச் சுற்றினால்? மெயினைத் திரும்பப் போட்டு, ஃபேன் முனையில் மின்சாரம் வருகிறதா என்று மீட்டர் வைப்பார்.

மின்சாரம் வந்தும் ஓடவில்லையா? கோளாறு ஃபேனில்! காயில் எரிந்திருக்கலாம். கண்டன்சர் வைத்த மோட்டார் என்றால் அந்தக் கண்டன்சர் போயிருக்கலாம்.

மின்சாரமே வரவில்லையா? ஃபேன்மேல் பழி போடாதே! கனெக்டரைப் பார். தெர்மோஸ்டாட்டைப் பார். ரிலேயைப் பார். கடைசியில் போர்டுக்குப் போ.

பார்த்தாயா? ஒரு கேள்வி கேட்டால் பாதி சந்தேகம் ஓடிவிடுகிறது! இதற்கு மேதை வேண்டுமா? வரிசை மாறாமல் கேட்கும் பொறுமை போதும். அந்தப் பொறுமை உனக்கு வராதா?

"கட்அவுட்டை டைரக்ட் பண்ணி ஓட்டிவிடலாம்" என்று ஒருவர் வருவார். நம்பாதே! சூடு மீறும்போது நிறுத்துகிற காவலையே அகற்றி ஓட்டினால் போர்டு கருகும், வயர் உருகும், தீப்பிடிக்கும். குறுக்கு வழியில் பிழைத்த வேலை எங்கே நிலைத்திருக்கிறது?

ஒருநாள் நீயே மெக்கானிக் ஆவாய். ஃபேன்தான் போயிற்று என்று புதிது மாட்டுவாய். அதுவும் ஓடாது! சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள்.

அப்போது ஓடிவிடுவாயா? ஓடாதே! கோளாறு வேறெங்கோ இருக்கலாம் என்று இப்போது உனக்குத் தெரியும். நேற்றுத் தெரியுமா? அடுத்த இடத்துக்கு மீட்டரை நகர்த்து!

ஃபேன் ஓடியும் சூடு ஏறுகிறதா? காற்று போகும் திசையைக் காட்டும் அம்புக்குறியைப் பார். திருப்பி மாட்டியிருக்கலாம். கழற்று. மீண்டும் மாட்டு. வெட்கப்பட என்ன இருக்கிறது? வெட்கப்பட்டு விட்டுப்போனால்தான் அவமானம்!

ஒரு நோட்டு போடு. என்ன தேதி, என்ன எரர் எண், எது காரணம், எது சரியானது என எழுது. பக்கம் நிரம்ப நிரம்ப உன் கை உறுதிப்படும். நாளை புதிதாக வேலைக்கு வரும் பிள்ளை உன்னிடம் வந்து கேட்கும்.

பட்டம் இல்லையா? ஐடிஐ கதவு திறந்திருக்கிறது. ஆங்கிலம் வரவில்லையா? எரர் எண்ணைப் படிக்க இலக்கம் தெரிந்தால் போதும். வயதாகிவிட்டதா? மீட்டர் முள் உன் வயதைக் கேட்பதில்லை!

இனி என்ன சாக்கு மிச்சம்?

எழு! மெயினை அணை. ஃபில்டர் வலையைக் கழற்று. வேலையை இன்றே தொடங்கு. நாளைக்கென்று தள்ளினால் நாளையும் நீ கையைப் பிசைந்துகொண்டுதான் நிற்பாய்!