வீடு என்ற சொல்

என் தெருவில் நாலு வீடு தள்ளி இருப்பவர் ஒருவர். ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் 34 வருஷம் உழைத்து ஓய்வு பெற்றவர். போன நவம்பரில் வங்கியில் என் கவுன்ட்டருக்கு இரண்டு காரியமாக வந்தார். ஒன்று, தாம் உயிரோடிருப்பதற்குச் சான்று தருவது. ஓய்வூதியக்காரர்கள் வருஷந்தோறும் நவம்பரில் இதைச் செய்தாகவேண்டும். மற்றது, ஐரோப்பிய விசாவுக்காகக் கணக்கு விவரத்தில் முத்திரை பெறுவது. ஜெர்மனியில் வேலை பார்க்கும் மகன் ஒரு மோட்டார் வீடு எடுத்திருக்கிறான். டிசம்பர் நடுவில் கிளம்பி, பிரான்ஸ் வழியாக ஸ்பெயின், போர்ச்சுகல் வரை போய், மார்ச்சில் திரும்புவதாக ஏற்பாடு.

"ஓட்டல் கீட்டல் எதுவும் கிடையாது தம்பி. வண்டிதான் வீடு. அடுப்பு, கட்டில், கக்கூஸ் எல்லாம் உள்ளயே. நின்ன இடம் நம்ம ஊரு" என்றார்.

விசா விண்ணப்பத்தில் தங்குமிடத்துக்கு ஆதாரம் கேட்கிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும் வீட்டுக்கு என்ன ஆதாரம் தருவது? மகன் அங்குள்ள தன் ஓடாத வீட்டின் முகவரியைக் கொடுத்து, செலவுக்கும் பொறுப்பேற்று ஒரு பத்திரம் அனுப்பியிருந்தான். அதோடு 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு. எந்த 180 நாளிலும் 90 நாளுக்குமேல் தங்குவதில்லை என்ற வரம்பு. திரும்பி வருவதற்கான டிக்கெட். நின்ற இடமெல்லாம் நம் ஊர் என்று சொல்வதற்கு முன்னால் இத்தனை காகிதம் வேண்டியிருக்கிறது. நான் முத்திரை குத்திக் கொடுத்தேன். அவர் சந்தோஷமாகப் போனார். அவருடைய சந்தோஷத்தைக் குறைத்துச் சொல்ல இதை எழுதவில்லை. அதே நாளில் வந்த இன்னொருவரைப் பற்றியும் சொல்லவேண்டும் என்பதால்தான் எழுதுகிறேன். அதற்கு முன் கொஞ்சம் சுற்றிவர வேண்டியிருக்கிறது.

2

வீட்டைக் கூடவே எடுத்துக்கொண்டு போகிறவன் வீட்டை விட்டுப் போகிறானா? மேலோட்டமாகப் பார்த்தால் இது வார்த்தை விளையாட்டு. ஆனால் தமிழில் இந்தக் கேள்வி சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. விடு என்பது நீண்டு வீடு ஆகிறது. சுடு சூடு ஆவதைப் போல. குடியிருக்கும் இடத்துக்கும் அதே சொல். அறம் பொருள் இன்பத்துக்குப் பிறகு வைக்கப்பட்ட மோட்சத்துக்கும் அதே சொல். வேலையை விட்டு வந்து இளைப்பாறும் இடம் வீடு. எல்லாவற்றையும் விட்டபின் கிடைப்பதும் வீடு. இரண்டிலும் முன்நிபந்தனை விடுதல். ஆனால் விடுவதற்கு முதலில் கையில் ஏதாவது இருக்கவேண்டும் என்பதை நம் தத்துவக்காரர்கள் அழுத்திச் சொல்வதில்லை. துறவைப் புகழ்கிறவர்கள், துறக்க எதுவுமில்லாதவனை எந்தக் கணக்கில் எழுதுவது என்று யோசிப்பதில்லை.

சக்கரத்தின் மேல் குடித்தனம் நமக்குப் புதிதல்ல. பெரும்பாணாற்றுப்படையில் காஞ்சித் தொண்டைமானைப் பார்க்கப் போகிற வழியில் உமணரின் உப்பு வண்டிகள் வருகின்றன. வண்டியின் முகப்பில் கோழி அடையும் கூடு; பக்கத்தில் தொங்கவிட்ட சிறிய உரல்; கயிற்றால் கட்டிய ஊறுகாய்ப் பானை; கைக்குழந்தையோடு ஒருத்தி எருதுகளை ஓட்டுகிறாள். வழியில் முறிந்தால் மாற்ற இன்னொரு அச்சையும் உமணர் கட்டிக்கொண்டு போவதைப் புறநானூறு சொல்கிறது. நாம் ஸ்டெப்னி என்கிறோம். பூந்தமல்லி வழியாகத்தான் இன்றும் நாம் காஞ்சிபுரம் போகிறோம். அந்தச் சாலையோரம் நிற்கும் நாமக்கல் லாரிகளில் மண்ணெண்ணெய் ஸ்டவ்வும் உப்பு டப்பாவும் கொசுவலையும் இருப்பதைப் பார்க்கிறவர்களுக்கு உருத்திரங்கண்ணனார் பழைய புலவராகத் தோன்றமாட்டார். அவர் அந்த வண்டியைப் பரிதாபத்தோடும் பார்க்கவில்லை, அதிசயமாகவும் பார்க்கவில்லை. வழியில் எதிர்ப்படுகிற ஒரு குடும்பம், அவ்வளவுதான். நம் பார்வை அதற்குப் பிறகு எப்போது கோணலாயிற்று என்பது ஆராய்ச்சிக்குரியது.

பின்னால் வந்த ஒரு உதாரணம். சென்னை சுப்ரீம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஏனுகுல வீராசாமி 1830 மே 18 அன்று காசிக்குப் புறப்பட்டார். சுமார் நூறு பேர், கூடாரங்கள், பல்லக்கு. ஒரு வீடே எழுந்து நடந்தது என்று சொல்லலாம். 1831 செப்டம்பரில் திரும்பினார். அவர் எழுதிய தெலுங்கு யாத்திரைக் குறிப்புகள், அவர் 1836இல் இறந்தபின், 1838இல் நூலாக வந்தன. இன்றும் படிக்கத்தக்க நூல். ஆனால் பதினைந்து மாதம் நடந்த நூறு பேரில் யாத்திரிகர் என்று பெயர் பெற்றவர் அவர் ஒருவரே. பல்லக்குத் தூக்கியவனும் அதே தூரம்தான் போனான். அதுவும் தன் காலால்.

ஒரே செயல், இரண்டு பெயர். ஒருவன் செய்தால் யாத்திரை. இன்னொருவன் செய்தால் பிழைப்பு. மூன்றாமவன் செய்தால், சட்டம் அதற்கு வேறு பெயர் வைத்தது. 1871ஆம் வருஷத்துக் குற்றப் பரம்பரைச் சட்டம், 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டப்பட்டது. நாடோடிக் கூட்டங்கள் பலவற்றைப் பிறப்பாலேயே குற்றவாளிகள் என்று அது பட்டியலிட்டது. அவர்கள் செய்ததாகச் சொல்லப்பட்ட குற்றங்களை விட, ஓரிடத்தில் நில்லாமைதான் அரசாங்கத்தை உறுத்தியிருக்கவேண்டும். ஊர் மாறுவதற்கு முன் போலீஸில் சொல்லிவிட்டுப் போகவேண்டும் என்பதுதான் தண்டனையின் சாரம். 1952இல் அந்தச் சட்டம் ரத்தானது. சட்டம் ரத்தாகிற தேதியில் மனசு ரத்தாவதில்லை.

3

நவம்பரில் அந்த நாளுக்கு வருகிறேன். அவர் போய் ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். ஊசிமணி, பாசி விற்கிற ஒரு பெண் வந்தாள். அம்பத்தூர் ஸ்டேஷன் வாசலில் அவளைப் பலமுறை பார்த்திருக்கிறேன். சேமிப்புக் கணக்கு ஆரம்பிக்கவேண்டும் என்றாள். மடித்து மடித்து எழுத்து அழிந்த ஒரு ஜெராக்ஸ் காகிதம் கையில் இருந்தது. அதில் எதுவும் படிக்க முடியவில்லை.

"வீடு எங்கம்மா?" என்று கேட்டேன்.

"இங்கதான் சாமி."

"இங்கதான்னா? அட்ரஸ் வேணும்."

"மழைக்கு ஆவடில சொந்தக்காரங்க கிட்ட. மத்த நாளு யாவாரம் இருக்கிற எடம். எதைச் சொல்றது சாமி?"

அட்ரஸ் உள்ள காகிதம் ஏதாவது எடுத்து வரும்படி சொல்லி அனுப்பிவிட்டேன். குரலை உயர்த்தவில்லை, மரியாதைக் குறைவாகவும் பேசவில்லை. வரிசையில் பின்னால் பதினைந்து பேர் நின்றார்கள். எல்லாம் முறைப்படிதான் என்று நினைத்தேன்.

முறைப்படி அல்ல என்பது சாயங்காலம் ரயிலில் போகும்போது உறைத்தது. எந்த ஆவணமும் இல்லாதவர்களுக்கென்றே சிறு கணக்கு என்று ஒன்று இருக்கிறது. புகைப்படம் ஒன்று, அதிகாரியின் எதிரில் போடும் கையெழுத்து அல்லது விரல் ரேகை, இவை போதும். இருப்பு 50,000 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது. வருஷத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் வரவு வைக்கக்கூடாது. மாதம் 10,000க்கு மேல் எடுக்கக்கூடாது. முதலில் 12 மாதம். அதற்குள் ஆவணத்துக்கு விண்ணப்பித்ததைக் காட்டினால் இன்னொரு 12 மாதம். இது எனக்குத் தெரியாத விஷயமல்ல. பயிற்சி வகுப்பில் எழுதி வைத்திருக்கிறேன். அந்த நிமிஷத்தில் நினைவுக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

காலையில் வந்தவருடைய ஓடும் வீட்டுக்கு முகவரி இல்லை என்பதை நான் ஒரு சுவாரஸ்யமாக எடுத்துக்கொண்டேன். மத்தியானம் வந்தவளுடைய ஓடும் வீட்டுக்கு முகவரி இல்லை என்பதை ஒரு குறையாக எடுத்துக்கொண்டேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு மணி நேரம். விதியை மறந்தது ஞாபகப் பிசகு அல்ல. யாருக்காக ஞாபகம் வேலை செய்யவேண்டும் என்று எனக்குள் ஏற்கனவே ஒரு பட்டியல் இருந்திருக்கிறது. அவளுடைய 'சாமி'யும் அந்தப் பட்டியலில் அடக்கம். என்னைச் சாமி என்று கூப்பிட்டவளிடம் நான் சாமியாகவே நடந்துகொண்டேன், கேட்டதைக் கொடுக்கவில்லை.

4

இதை நம் ஊர் அவலம் என்று சொல்லி, மேற்கே பார்த்துப் பெருமூச்சு விடுவது சிலருக்கு வழக்கம். மேற்கில் நடப்பதையும் பார்க்கலாம். வடக்கிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் குளிர்காலத்தில் தங்கள் மோட்டார் வீடுகளோடு ஸ்பெயினின் தென்கரைக்கும் போர்ச்சுகலின் அல்கார்வேக்கும் இறங்குகிறார்கள். இது வருஷாந்திர நாடோடித்தனம். யாரும் அதைக் குற்றம் என்று சொல்வதில்லை. ஆனால் பிரான்ஸில் 1912இலிருந்து நாடோடிகள் அங்க அளவுகள் குறித்த ஒரு புத்தகத்தைச் சுமந்து திரியவேண்டியிருந்தது. 1969இல் அது வேறு பெயரில் பயணப் பதிவேடாக மாறியது. முழுவதும் ஒழிந்தது 2017இல்தான். பிரிட்டனில் 1968ஆம் வருஷச் சட்டம் ஜிப்ஸிகளுக்கு வண்டி நிறுத்த இடம் தரும் பொறுப்பை உள்ளூர் மன்றங்களுக்குக் கொடுத்தது. 1994இல் அந்தப் பொறுப்பு நீங்கியது. 2022ஆம் வருஷச் சட்டம், அனுமதியின்றி ஒரு நிலத்தில் வண்டியோடு தங்கிப் போக மறுப்பதைச் சில சூழல்களில் குற்றமாகவே ஆக்கியது. வண்டி ஒன்றுதான், சில சமயம் கம்பெனியும் ஒன்றாக இருக்கலாம். வித்தியாசம் வண்டியில் இல்லை. ஒருவனுக்குப் பின்னால் பூட்டிவிட்டு வந்த ஒரு வீடு இருக்கிறது.

ஆக, மோட்டார் வீட்டின் சுதந்திரம் அதன் சக்கரத்திலிருந்து வருவதில்லை. அதன் பதிவு, காப்பீடு, ஓட்டுநர் உரிமம், ஓய்வூதியம் எல்லாம் ஓடாத ஒரு கதவு எண்ணில் கட்டப்பட்டிருக்கின்றன. கயிறு நீளமானது, அவ்வளவே. சிமோன் வெய்ல் 1943இல் லண்டனில், சாவதற்குச் சில மாதம் முன்பு, வேர்கொள்ளுதலை ஆன்மாவின் தலையாய தேவை என்று வாதித்து எழுதினார். அது 1949இல் நூலாக வந்தது. அதைப் படித்த நாளில் எனக்கு முழுச் சம்மதமாக இருந்தது. இப்போது ஒரு திருத்தம் தோன்றுகிறது. வேர் என்பது நிலத்தில் இருந்தாகவேண்டும் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். வாகிரிபோலி என்ற சொந்தப் பாஷையை எத்தனையோ தலைமுறையாகத் தமிழ்நாட்டுச் சாலைகளில் காப்பாற்றி வந்தவர்களை வேரற்றவர்கள் என்று சொல்ல, தாத்தாவின் ஊர்ப் பெயரை இனிஷியலில் மட்டும் வைத்திருக்கிற எனக்கு என்ன அருகதை? அவர்களுக்கு இல்லாதது வேர் அல்ல. போனால் திரும்பி வரலாம் என்ற உத்தரவாதம்தான் இல்லை. பயணி என்பவன் திரும்பி வரும் உரிமை உள்ளவன்.

எதிர்வாதம் உண்டு. நாடோடி வாழ்க்கையை நான் அழகுபடுத்துகிறேன் என்று சொல்லலாம். இல்லை. ஆவடி நரிக்குறவர் குடியிருப்புக்கு 2022 ஏப்ரலில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் வந்தார், அதே வருஷம் டிசம்பரில் அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதாவைப் பாராளுமன்றம் நிறைவேற்றியது. பல பத்தாண்டுகளாகக் கேட்டது. அவர்கள் கேட்டது வீடு, பள்ளிக்கூடம், சாதிச் சான்றிதழ். வானமே கூரை என்ற கவிதை அவர்களுக்கு வேண்டாம். அது நம் பத்திரிகைகளுக்குத்தான் வேண்டும். நான் சொல்வது வேறு. நிலைத்த வீடு வேண்டுகிறவனுக்கு வீடு கிடைக்கவேண்டும். வேண்டாதவன் கணக்கு ஆரம்பிக்க வந்தால் மனிதன் என்ற ஒரே தகுதி போதவேண்டும்.

5

கிளம்புவதற்கு முந்தின நாள் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். மாமி இட்லி மிளகாய்ப்பொடியை இரட்டைப் பையில் கட்டிக்கொண்டிருந்தார். மகன் போனில் சொன்னவற்றை அவர் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். ப்யூட்டேன் சிலிண்டர் குளிரில் பயன்படாது, பூஜ்யம் டிகிரியிலேயே அது வாயுவாக மாறுவதை நிறுத்திவிடும். ப்ரொப்பேன் மைனஸ் 42 வரை தாங்கும். தண்ணீர்த் தொட்டி உறையாமல் பார்க்கவேண்டும். இரண்டு மூன்று நாளுக்கொரு தடவை கக்கூஸ் பெட்டியைக் கழற்றிக்கொண்டு போய், அதற்கென்று உள்ள இடத்தில் கொட்டிக் கழுவவேண்டும்.

"அதை யார் செய்வாங்க?" என்று மாமி கேட்டார்.

"நாமதான்" என்றார் அவர். பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

எங்கள் தெருவில் அதற்கு லாரி வரும். கூட இரண்டு பேர் வருவார்கள். நாங்கள் ஜன்னலைச் சாத்திக்கொள்வோம். இந்தப் பயணத்தில் அவருக்குக் கிடைக்கப்போகும் அனுபவங்களில் லிஸ்பன் துறைமுகத்தை விட இதுவே பெரிதாக இருக்கலாம் என்று நினைத்தேன், சொல்லவில்லை. அறுபது வயதுக்கு மேல் ஒருவர் தன் கழிவைத் தானே தூக்கப் போகிறார் என்றால், வீட்டை விட்டுப் போவது என்பதற்குக் கொஞ்சம் அர்த்தம் வந்துவிடுகிறது.

சாவியை என்னிடம் கொடுத்தார். "சாயங்காலம் முன்வாசல் லைட்டை மட்டும் போட்டுடு தம்பி. வீட்ல ஆள் இருக்கிற மாதிரி தெரியணும்."

மூன்று மாதம் போட்டேன். மார்கழி முழுக்க, யாருமில்லாத ஒரு வீட்டில் ஆள் இருப்பதாக ஊருக்குச் சாட்சி சொன்னேன். ஸ்டேஷனிலிருந்து வரும் வழியில் அந்தப் பெண்ணைத் தேடிப் பார்த்தேன், காணவில்லை. சிறு கணக்குக்கான விண்ணப்பம் ஒன்று இன்னும் என் மேஜை டிராயரில் இருக்கிறது. அதில் முகவரிக்கான கட்டத்தை விட்டுவிட்டுப் பெயரையாவது எழுதி வைக்கலாம் என்றால், அவள் பெயர் எனக்குத் தெரியாது. அன்று நான் அதைக் கேட்கவே இல்லை.