‘அழுகை’யைத் தட்டினால்…

ஈப்போவில் நானும் நண்பனும் ஒரு கைப்பேசிச் செயலி உருவாக்கி வருகிறோம். மனநிலையைத் தட்டினால் அதற்கேற்ற தமிழ்ப் படத்தைச் சொல்லும். பொத்தான்களுக்குப் பெயர் தேடி அலையவில்லை. நகை, அழுகை, அச்சம், வெகுளி என எட்டு மெய்ப்பாடுகளைத் தொல்காப்பியரே வரிசைப்படுத்தி வைத்திருக்கிறார்!

சிக்கல் ‘அழுகை’யில்தான். அதைத் தட்டுகிறவருக்கு 1961-இல் வந்த ‘பாசமலர்’ கொடுப்பதா, 1964-இன் ‘காதலிக்க நேரமில்லை’ கொடுத்துச் சிரிக்க வைப்பதா? “கேட்டதைக் கொடுடா, அவன் மனசு அவனுக்குத்தானே தெரியும்” என்கிறான் நண்பன். பசித்தவன் கேட்பதும் குடிகாரன் கேட்பதும் ஒன்றா?

பாட்டி சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவர். திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போடுவார்களாம். மனநிலையை யார் கேட்டார்கள்? வந்த படத்தை லயமே சேர்ந்து பார்த்தது. “அழுதா, பக்கத்துல உக்காந்திருக்கறவ முந்தானையால தொடச்சி விடுவா” என்பார். மெய்ப்பாடு என்பதே அதுதானே. உள்ளே இருப்பது உடம்பில், அடுத்தவர் கண்ணுக்குத் தெரிவது. எங்கள் செயலியில் அது தட்டும் விரலோடு நின்றுவிடுகிறது.

மூன்று இரவு தொடர்ந்து ஒருவர் ‘அழுகை’யைத் தட்டினால், நான்காம் இரவு படம் சொல்லாமல், “இன்னைக்கு யாரோட பார்க்கப் போறீங்க?” என்று கேட்க வைக்கலாம் என்றேன். நண்பன் ஒத்துக்கொள்ளவில்லை. “அதைக் கேக்கறது செயலியோட வேலையாடா? நம்ம வேலை இல்லையா?”