‘ஃபாஸ்ட்’ என்றால் என்ன?



தைப்பூசம் நெருங்கினால் நம் பிள்ளைகள் வாயில் அடிக்கடி வரும் சொல் ‘ஃபாஸ்டிங்’. “அண்ணே, நான் ஃபாஸ்டிங்ல இருக்கேன், எனக்கு வேணாம்” என்பார்கள். சமய வகுப்பில் நான் கேட்பதுண்டு: “சரி, ஃபாஸ்ட் என்றால் என்ன?” ஒருவன் “வேகம்” என்பான். இன்னொருத்தி “சாப்பிடாம இருக்கிறது” என்பாள். இரண்டும் சரிதான். ஆனால் மூன்றாவது பொருள் ஒன்று உண்டு. அதுதான் மூத்த பொருள்.

பழைய ஆங்கிலத்தில் ‘ஃபாஸ்ட்’ என்றால் உறுதி, அசையாமை. துவைத்தாலும் சாயம் போகாத துணி ‘கலர்ஃபாஸ்ட்’. அசையாமல் தூங்குபவன் ‘ஃபாஸ்ட் அஸ்லீப்’. காரில் ஏறியதும் சீட் பெல்ட்டை ‘ஃபாஸன்’ பண்ணுகிறோமே, அதுவும் இதே குடும்பம்தான். எடுத்த கட்டுப்பாட்டை விடாமல் பிடித்துக்கொள்வதால் விரதத்துக்கும் அந்தப் பெயர் வந்தது. வேகம் என்ற பொருள் பிற்பாடு வந்து சேர்ந்தது.

நம் சொற்களையும் பாருங்கள். நோன்பு என்றால் நோற்றல், பொறுத்துக்கொள்ளுதல். விரதம் என்றால் மனத்தில் எடுத்த உறுதி. உபவாசம் என்றால் அருகில் இருத்தல், அதாவது இறைவன் அருகில். மூன்றிலும் சோற்றைப் பற்றிய பேச்சே இல்லை!

அப்படியானால், 48 நாள் மச்சம் தொடாமல் இருந்துவிட்டு, வீட்டில் அம்மாவிடம் எரிந்து விழுந்தால் அது விரதமா? தவத்துக்கு வள்ளுவர் சொல்லும் இலக்கணம் இரண்டே: தனக்கு வந்த துன்பத்தைப் பொறுப்பது, பிற உயிருக்குத் துன்பம் செய்யாதிருப்பது. முதல் பாதியை மட்டும் செய்தால் அது வெறும் பட்டினி.

ஒரு தம்பி என்னிடம் கேட்டான்: “அண்ணே, 48 நாள் குடிக்கல. 49-ஆவது நாள் கூட்டாளிங்க கூப்பிட்டா என்ன பண்றது?” நல்ல கேள்வி. தன்னால் முடியும் என்று அவனுக்கு அந்த 48 நாளில் தெரிந்துவிட்டது. அதனால்தான் பயம் வந்திருக்கிறது. “49-ஐ மறுபடியும் முதல் நாளா எண்ணுடா தம்பி. கூட்டாளிங்ககிட்ட இன்னும் விரதம் முடியலன்னு சொல்லு. அது பொய் இல்ல” என்றேன்.

மருந்து சாப்பிட வேண்டிய உடம்பா? பட்டினி வேண்டாம். நேரத்துக்குப் பசியாறுங்கள். ஒரு கெட்ட வார்த்தையை, ஒரு தீய பழக்கத்தை விடுங்கள். அதுவும் விரதமே.

பத்துமலையின் 272 படிகளை யார் வேகமாக ஏறினார்கள் என்று முருகன் கேட்கப்போவதில்லை. இறங்கி வந்த பிறகு யார் உறுதியாக நிற்கிறார்கள் என்றுதான் பார்ப்பான். இந்த ஆண்டு அந்த ‘ஃபாஸ்ட்’டைக் கடைப்பிடிப்போம்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!